குழாய் மேல் ஓடிய கேமரா

அண்ணி: தம்பி, தையல் மேசையில டிராயர் இருந்த எடத்துல ஓட்டைதான் இருக்கு. டிராயர் எங்க?

கொழுந்தன்: கட்டில் மேல இருக்கு அண்ணி. உள்ள இருந்த நூல், ஊசி எல்லாம் பத்திரமா இருக்கு.

அண்ணி: கட்டில் மேலயா... ஏன், அதுக்கு அசதியா இருந்துச்சா?

கொழுந்தன்: அதோட ரெண்டு பக்கத்துச் சேனல் எனக்கு வேண்டியிருந்துச்சு. இழுத்தா சர்ருனு வருதுல்ல, அந்த இரும்புப் பட்டை. அது மேல போனை வச்சுத் தள்ளுனா, வீடியோ வழுக்கிட்டே போகும்னு பார்த்தேன்.

அண்ணி: போச்சா?

கொழுந்தன்: ஒரு முழம் போச்சு. அப்புறம் டொக்குனு நின்னுருச்சு.

அண்ணி: ஒரு முழ வீடியோவுக்கு என் டிராயரு.

கொழுந்தன்: சத்தம் வேற... தூக்கத்துல யாரோ பல்லை நறநறன்னு கடிக்கிற மாதிரி. அதான் விட்டுட்டேன்.

அண்ணி: விட்டவரு திருப்பி மாட்டிட்டு விட்டிருக்கலாம். சரி, இந்தக் கம்பி என்ன?

கொழுந்தன்: நான் வேலை பாக்குற கடையில இனிமே தேறாதுன்னு ஒதுக்குன பிரிண்டர்ல இருந்து கழட்டினது. மைப் பெட்டி இந்தக் கம்பியிலதான் இங்கயும் அங்கயும் ஓடும். தொட்டுப் பாருங்க.

அண்ணி: அட, வழவழன்னு இருக்கே.

கொழுந்தன்: சத்தமே வராது.

அண்ணி: ஆனா இதுவும் ஒரு முழம்தானே இருக்கு?

கொழுந்தன்: அது... எல்லாம் மாட்டி முடிச்சப்புறம்தான் உறைச்சுது.

அண்ணி: நான் சிரிக்கல. நீங்க சொல்லுங்க. என் இஸ்திரிப் பெட்டி ஏன் தலைகீழாத் தொங்குது?

கொழுந்தன்: அது அடுத்த யோசனை. குழாய்க்கு மேல போன், நடுவுல பிடி, கீழ கனம். இதைத் தூக்கிட்டு நடந்தா கை ஆடினாலும் போன் ஆடாது.

அண்ணி: கனத்தைக் கட்டினா ஆட்டம் கூடத்தானே செய்யும்?

கொழுந்தன்: காலிப் பையைத் தூக்கிட்டு நடந்தா காத்துல அலையும். அதுல ரெண்டு செங்கல்லைப் போடுங்க... அலையுமா?

அண்ணி: அலையாது. கை கழண்டு போகும். குடுங்க, நான் பிடிச்சுப் பாக்குறேன்.

கொழுந்தன்: மெல்ல... இறுக்காதீங்க. சும்மா தாங்குனாப் போதும். பிடிக்குள்ள ஒரு பேரிங் இருக்கு.

அண்ணி: தம்பி, நான் கையைச் சாய்க்கிறேன், இது பாட்டுக்கு நேரா நிக்குது!

கொழுந்தன்: அதான்.

அண்ணி: நல்லாத்தானே இருக்கு? இதை ஏன் ஓரங்கட்டுனீங்க?

கொழுந்தன்: பக்கவாட்டு ஆட்டம் போயிருச்சு. அடியெடுத்து வைக்கும்போது மேலயும் கீழயும் குதிக்குது. நடந்துக்கிட்டே எடுத்த மாதிரி தெரியுது.

அண்ணி: நடந்துக்கிட்டுத்தானே எடுக்குறீங்க?

கொழுந்தன்: ஆமா... ஆனா அப்படித் தெரியக் கூடாது.

அண்ணி: யாருக்கு?

கொழுந்தன்: போட்டி நடத்துறவங்களுக்கு. சொன்னேன்ல, வீட்டைப் பத்திக் குறும்படம் எடுக்கணும்னு.

அண்ணி: முந்தாநாள் கடையில வச்ச போட்டின்னீங்க.

கொழுந்தன்: அதேதான். கடையில வச்ச குறும்படப் போட்டி.

அண்ணி: உங்க பிரிண்டர் கடையில முதலாளியோட சேர்த்தே மூணு பேரு.

கொழுந்தன்: சின்னப் போட்டிதான் அண்ணி.

அண்ணி: எப்படியும் மூணாவது பரிசு உறுதி. இந்தப் பலகை எதுக்கு?

கொழுந்தன்: இதுதான் கடைசி. வாசல்ல இருந்து உள்ள வரைக்கும் ரெண்டு பிளாஸ்டிக் குழாயைத் தண்டவாளம் மாதிரி போட்டிருக்கேன் பாருங்க. பலகைக்கு அடியில ஸ்கேட்டிங் சக்கரம். சாய்ச்சு மாட்டியிருக்கிறதால குழாயைக் கவ்விக்கிட்டு ஓடும். பலகை மேல ஸ்டூல், ஸ்டூல் மேல போன்.

அண்ணி: நான் தள்ளட்டுமா?

கொழுந்தன்: ம்... ஒரே சீரா. நிறுத்தாம. அவ்ளோதான்... போதும். இப்ப வந்து பாருங்க.

அண்ணி: நம்ம வீடா இது? தண்ணியில மிதந்துக்கிட்டு போற மாதிரி இருக்கு... ஆனா சுவிட்ச் எல்லாம் எங்கயோ ஒசரத்துல இருக்கு. அலமாரி மேல்தட்டு தெரியவே இல்ல.

கொழுந்தன்: கீழ இருந்து எடுத்தா அப்படித்தான் தெரியும்.

அண்ணி: அப்ப ஏன் கீழ இருந்து எடுக்கணும்?

கொழுந்தன்: அது ஒரு... பாணி.

அண்ணி: குளியலறைக் கதவு முன்னாடி வண்டி நின்னுருச்சே.

கொழுந்தன்: அங்க படி இருக்குல்ல. குழாய் அதுக்கு மேல போகாது. படி எவ்ளோ ஒசரம்னு தெரிஞ்சாப் போதும்.

அண்ணி: குறும்படத்துல குளியலறைப் படியா?

கொழுந்தன்: கதைக்குத் தேவைப்படுது அண்ணி.

அண்ணி: சரி சரி... காலையில உங்க அண்ணன் பேசினாரு. விளம்பரப் பலகை மாட்டப் போயி ஏணியில இருந்து விழுந்தவரு, ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு எனக்குப் புத்தி சொல்றாரு. பரண்ல ஏறாதே, முக்காலியில ஏறாதேன்னு.

கொழுந்தன்: கவலையில சொல்லியிருப்பாரு.

அண்ணி: இடுப்பெலும்பு கூடிட்டா நடந்து வந்துருவேன்னாரு. அவ்ளோ தூரத்துக்கு நீங்கதானே வாராவாரம் போயிட்டு வர்றீங்க. அப்படித்தானே சொன்னாங்க?

கொழுந்தன்: ஆமா... டாக்டரும் அப்படித்தான் சொன்னாரு.

அண்ணி: ம்.

கொழுந்தன்: வெளிச்சம் போறதுக்குள்ள முழுசா ஒரு தடவை எடுத்துரலாமா?

அண்ணி: எடுக்கலாம். ஆனா போன் இருக்கிற ஒசரம் சரியில்ல.

கொழுந்தன்: அளந்துதான் வச்சேன்.

அண்ணி: எதை அளந்தீங்க?

கொழுந்தன்: ஸ்டூலை...

அண்ணி: ஸ்டூலை அளக்கல. ஆஸ்பத்திரியில சக்கர நாற்காலியை அளந்துட்டு வந்திருக்கீங்க. நாற்காலியை அளந்த நீங்க, அதுல உக்காரப் போற ஆளை அளக்காம விட்டுட்டீங்க. உங்க அண்ணன் நெட்டை தம்பி. உக்காந்தாலும் அவரு கண்ணு இவ்ளோ கீழ வராது. நாலு விரக்கடை ஏத்துங்க.

கொழுந்தன்: அண்ணி...

அண்ணி: ஆஸ்பத்திரியில அவருக்கு நாற்காலிப் பயிற்சி குடுக்குற அம்மா போன வாரமே எனக்குப் பேசிட்டாங்க. நாற்காலி வீட்டுக்குள்ள எங்கெங்க இடிக்கும்னு பாக்கணுமாம். உங்க கொழுந்தனாரு கையில புடிச்சு எடுத்து அனுப்புனது ஆடுது, உங்க வீட்டுக்காரருக்குப் பார்த்தாலே தலை சுத்துது, வேற எடுத்து அனுப்பச் சொல்லுங்கன்னாங்க. எனக்கும் தெரியும்னு நெனச்சுட்டாங்க பாவம்.

கொழுந்தன்: இனிமே... நடக்க முடியாதுன்னு... அதையும் சொன்னாங்களா?

அண்ணி: சொன்னாங்க.

கொழுந்தன்: அண்ணன்தான் வேணாம்னாரு. நேர்ல வந்து நானே அவகிட்ட சொல்லிக்கிறேன்னாரு. நான் எத்தனையோ தடவை வாயெடுத்தேன் அண்ணி...

அண்ணி: நேர்ல வந்தப்புறம் சொல்றதுக்கு என்ன இருக்கு? கண்ணுக்கே தெரியுமே. விடுங்க. அண்ணனும் தம்பியும் சேர்ந்து பொய் சொல்ல இவ்ளோ பாடுபடுறீங்களேன்னு நானும் கேக்காம இருந்துட்டேன்.

கொழுந்தன்: ஒரு வாரமாவா? எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேவா என்னைக் கேலி பண்ணிட்டு இருந்தீங்க?

அண்ணி: வேற என்ன பண்ணச் சொல்றீங்க? ராத்திரி அழுதேன். பகல்ல நீங்க இஸ்திரிப் பெட்டியைக் கட்டித் தொங்கவிடுறீங்க... சிரிப்பு வருது. ஏத்திட்டீங்களா?

கொழுந்தன்: ஏத்திட்டேன். இப்ப சரியா இருக்கா?

அண்ணி: இருக்கு. இதுதான் அவரு கண்ணு. இப்ப குழாயை இன்னும் கொஞ்சம் வெளிய இழுத்துப் போடுங்க. தெருவுல இருந்தே ஆரம்பிங்க.

கொழுந்தன்: கதவு சாத்தியிருக்கே. தொறந்து வச்சுரட்டுமா?

அண்ணி: வேணாம், சாத்தியே இருக்கட்டும். நான் உள்ள போயி நிக்கிறேன். வண்டி கிட்ட வந்ததும் நான் தொறந்து, குனிஞ்சு, அந்தக் கண்ணைப் பார்த்து வாங்கன்னு சொல்லுவேன். அதை அவருக்கு அனுப்பிருங்க... எனக்குத் தெரியும்னு அவரே தெரிஞ்சுக்குவாரு.