எட்டாம் மாடிக்குக் காகம் வருமா

புரட்டாதி முதற்சனிக்கு முதல்நாள் காலை, பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பேருந்து. நெல்லியடியில் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். அவர்களோடு வந்த கணவரின் அம்மாவுக்கு அதற்கும் முன்னால் இடம் கிடைத்தது. கணவருக்குக் கொழும்புக்கு இடமாற்றம். வெள்ளவத்தையில் மாடிவீடு ஒன்று பார்த்திருக்கிறார்.

"எல்லாம் சரி, அங்கை காகம் வருமோ?" என்று மனைவி கேட்டார்.

"கொழும்பிலை காகத்துக்குப் பஞ்சமே?"

"எட்டாம் மாடிக்கு வருமோ எண்டு கேக்கிறன். காகம் சோறு எடுக்காமல் மாமி சனி விரதத்துக்குச் சாப்பிடமாட்டா."

"பல்கனியிலை வைப்பம்."

"பல்கனிக்கு வலை அடிச்சிருக்கெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"அது புறா வராமல் அடிச்சது."

"புறா வராத வலைக்குள்ளாலை காகம் எப்பிடி வரும்?"



"தெகிவளையிலை மாமரம் நிக்கிற வீடொண்டு இருக்கு. எனக்கு வேலைக்குத்தான் தூரம்."

"மாமரமெண்டால் வரும். அதையே எடுப்பம்."

அப்போதுதான் அம்மா திரும்பினார்.

"தம்பி, நான் உங்களோடை வாறனெண்டு ஆருக்குச் சொன்னனான்?"

பேருந்து கோப்பாயைத் தாண்டியது. பிறகு மகன் முன்னால் குனிந்தார்.

"இஞ்சை தனிய இருந்து என்ன செய்வியள் அம்மா?"

"நாளைக்குக் காகத்துக்குச் சோறு வைப்பன்."

"அதைக் கொழும்பிலையும் வைக்கலாந்தானே."

"வைக்கலாம். இஞ்சை காகமாவது கூப்பிட்டால் வரும்."