பூசைக்கு நிறுத்திய ஃப்ரீசர்

மோகன்குமார் மகள் லோகப்பிரியா, வயது 27, மாரியம்மன் கோயில் வீதி, கருமத்தம்பட்டி. விசாரணையில் நான் சொல்ல எழுதப்பட்டது:

நான் மேற்படி முகவரியில் பெற்றோருடன் வசித்து, கோவையில் ஒரு தனியார் ஆராய்ச்சி நிலையத்தில் உயிரிப் பொறியியலில் பிஎச்.டி. செய்து வருகிறேன். புற்றுநோய்க் கட்டிக்குள் இருக்கும் நோய் எதிர்ப்புச் செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்வது என் வேலை. அதற்காக மூன்று வருடங்களில் நாற்பத்தொரு நோயாளிகளிடம் வாங்கிய கட்டித் துண்டுகளை மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் வைத்திருந்தேன்.

01.10.2025 ஆயுத பூசையன்று விடுமுறை என்பதால் ஊரில் இருந்தேன். 03.10.2025 காலை ஒன்பது மணிக்கு லேபுக்கு வந்தபோது ஃப்ரீசர் கதவில் சந்தனப் பொட்டும் கதம்ப மாலையும் இருந்தன, தரையில் தண்ணீர் நின்றது. அதன் பிறகு லேப் உதவியாளர் அப்புசாமியைக் கேட்டேன். அவர், "வருசம் பூரா ஓடுதுங்க அம்மணி, பூசைக்காச்சும் அதுக்கு ஓய்வு குடுக்க வேண்டாமுங்களா, நிறுத்திப்போட்டு இப்பத்தான் போட்டு உட்டனுங்க" என்றார். அதன் பிறகு பெட்டிகளைத் திறந்து பார்த்ததில் நாற்பத்தொன்றும் உருகிக் கெட்டுப் போயிருந்தன.

"பொட்டி நல்லாத்தானம்மா ஓடுது, சேதம்னு நான் எத எழுதறது?" என்று காவல் ஆய்வாளர் கேட்டார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. பெரியநாயக்கன்பாளையம் பத்மாவதி என்பவர் சிகிச்சை தொடங்கும் முன் கட்டித் துண்டு கொடுத்தார். சம்மதக் கையெழுத்துப் போடும்போது, "அடுத்தவங்களுக்காச்சும் ஒதவுமா கண்ணு?" என்று கேட்டார், உதவும் என்றேன். ஆடி மாதம் இறந்துவிட்டார். அவரிடம் மறுபடி வாங்க முடியாது. சேதம் என்ற இடத்தில் இதை எழுதிக்கொள்ளவும்.

அப்புசாமி வேண்டுமென்றே செய்ததாக நிர்வாகம் புகார் கொடுத்து, அவரை வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறது. புகார் பொய். ஃப்ரீசர் நின்றால் போனுக்குத் தகவல் வரும் அலாரம் கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மூன்று முறையும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள்.

அப்புசாமி மீது கோபப்படக்கூட எனக்கு வழியில்லை. அவர் ஃப்ரீசரை நிறுத்திய அதே சாயங்காலம் எங்கள் வீட்டுத் தறிகளின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தவள் நான். பூசைக்கு மெஷினை நிறுத்துவார்கள் என்பது விவரம் தெரிந்த நாள் முதல் எனக்குத் தெரியும். ஃப்ரீசரை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகத் தோன்றவில்லை.

மேலே உள்ளதைப் படித்துக் காட்டக் கேட்டேன், யாவும் உண்மை. முதலில் எழுதியதில் காரணமானவர் என்று அப்புசாமி பெயர் மட்டும் இருந்தது. அதற்கு மேலே நிர்வாகத்தின் பெயரையும் என் பெயரையும் எழுதிய பிறகே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) மோ. லோகப்பிரியா