கடைசிப் பக்கத்தில் இருந்த இரண்டு வகுப்புகள்

பல்கலைக்கழகப் பயணப் பிரிவின் கண்காணிப்பாளராய் இன்று பணி நிறைவு பெறும் பெருந்தகையீர்! பிறர் பறக்கத் தரையில் நின்றவரே! பொறுமைக்கே பொறுமை பயிற்றியவரே!

உங்கள் முப்பத்தோராண்டுப் பணியை எழுத உட்கார்ந்தபோது, எங்கள் நினைவு சரிதானா என்று எங்களுக்கே ஐயம் வந்துவிட்டது. பழைய பீரோ எந்தச் சுவரோரம் நின்றது என்பதிலேயே மூன்று கருத்து. ஆகவே, உறுதியாய் அறிந்ததை மட்டும் சொல்கிறோம்.

சம்பளமின்றிச் சில வாரம் ஆய்வுக்கு வருபவர் பார்க்கலாம், அளக்கலாம், கலந்து பேசலாம். வகுப்பெடுத்தால் அது வேலை, அதற்கு வேறு விசா. எங்கள் ஆய்வாளர்கள் சென்ற நாட்டின் விதி அது. அதனால் அவர்களுக்கு வரும் அழைப்புக் கடிதங்களைப் பென்சிலும் கையுமாய் வரிவரியாக வாசிப்பீர்கள்.

"சம்பளம் தர்றாங்களா? இல்லையா? நல்லது. பாடம் நடத்தச் சொல்றாங்களா? இல்லையா? ரொம்ப நல்லது."

"சம்பளம் இல்லன்னதும் சந்தோஷப்படுற ஒரே ஆளு நீங்கதான் சார்" என்பார் அடிக்கடி வெளிநாடு போகும் இயற்பியல் பேராசிரியர். நீங்கள் சிரித்ததில்லை.

நீங்கள் காய்ச்சலில் விடுப்பிலிருந்த நாளில், வண்டுகளை ஆராய்வதால் நாம் 'வண்டம்மா' என்றழைக்கும் பேராசிரியையின் கடிதம் வந்தது. அயல்நாட்டு அருங்காட்சியகத்தில் இருபது நாள். அவர் கண்டெடுத்த வண்டு புதிய இனமா என்று ஒப்பிட வேண்டும். அழைத்தவர்கள் மரியாதைக்காக, 'மாணவர்களுக்கு இரண்டு வகுப்புகள் எடுப்பார்' என்று கடைசிப் பக்கத்தில் சேர்த்திருந்தார்கள். நம் தட்டச்சர் அக்கா அந்தப் பக்கத்தைப் புரட்டாமலே உங்கள் முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டார். அந்நாட்டு விமான நிலையத்தில் கடிதத்தைப் படித்த அதிகாரிகள் வண்டம்மாவை அடுத்த விமானத்திலேயே திருப்பி ஏற்றிவிட்டார்கள்.

"போனேன், நாற்காலியில உக்காந்தேன், வந்துட்டேன். உலகம் சுத்தியாச்சு சார்!" என்றார் அவர், வந்து நின்று.

முத்திரை உங்களுடையது என்று தொடங்கிய விசாரணையில், "நான்தான் பார்க்காம விட்டுட்டேன்" என்றீர்கள். வெளியே அழுதுகொண்டிருந்த அக்காவிடம், "விடுங்கக்கா. உங்களுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகல. எனக்குத் திட்டு நிரந்தரம்" என்றீர்கள். பணிப் பதிவேட்டில் குறிப்பு ஏறியது. பதவி உயர்வு நின்றது. பதினான்கு ஆண்டுகள் நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். அந்தத் தவறு உங்களுடையதன்று. இந்த மடலை இப்போது உங்கள் முன் வாசித்துக்கொண்டிருக்கும் தட்டச்சர் அக்காவுடையது. தெரிந்தும் பேசாத எங்களுடையது.

இனி எவருடைய தாளையும் சரிபார்க்காமல், உடல் நோகாமல், உறக்கம் கெடாமல் நெடுங்காலம் வாழ்க!

வண்டம்மா இரண்டாண்டு கழித்துச் சரியான கடிதத்தோடு போனார். அதற்குள் வேறொருவர் அந்த வண்டுக்குப் பெயர் வைத்திருந்தார். அக்காவின் வேலை நிரந்தரமானது. குறிப்பை நீக்கக் கோரிச் சென்ற வாரம் எல்லோரும் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தோம். காலம் கடந்துவிட்டது என்று பதில் வந்தது. குறிப்பு அப்படியே இருக்கிறது.

இவண்,
பயணப் பிரிவு ஊழியர்கள்