ஒரே ஃபைலைத் திறந்து பார்த்தவன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போகும்; பொறுத்துக்கொள்ளுங்கள். அரியாங்குப்பத்திலிருந்து பெரிய மார்க்கெட் போகிற பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஆபீஸ் அட்டை மாட்டிய இரண்டு பையன்கள்.

"நெட்வொர்க் கேபிள் கழண்டு கெடந்துச்சு மச்சான். அப்பவும் சர்வர் ஃபைல் சும்மா பறந்து வந்துச்சு," என்றான் கண்ணாடி போட்டவன்.

"எப்படிடா டெஸ்ட் பண்ண?" என்றான் மற்றவன்.

"சர்வர் வேகமாவணும்னு செட்டிங்க மாத்திட்டு, ஒரே ஃபைலத் திரும்பத் திரும்பத் தொறந்தேன். பத்து மடங்கு வேகம்."

"ஒருதடவ தொறந்தா அது உன் கம்ப்யூட்டர்லயே தங்கிடும்டா. அப்புறம் சர்வர எவன் கேக்கறான்? நீ உன் கம்ப்யூட்டரத்தான் டெஸ்ட் பண்ணியிருக்க."

"மேனேஜருக்கு மெயில் போட்டுட்டனே."

"என்னான்னு?"

"சர்வர் வேகமாயிடுச்சு, நான்தான் பண்ணேன்னு. இன்னைக்கு மொத்த ஆபீசும் ஒண்ணா ஃபைல் தொறந்து பாக்கப்போவுது. கைதட்ட வேற ஆள் கூப்பிட்டிருக்காரு."

"நல்லா தட்டுவாங்க. கைய மட்டுமில்ல."

பஸ் நின்றது. மற்றவன் எழுந்தான், கண்ணாடிக்காரன் எழவில்லை.

"எனக்கு வயித்துவலின்னு சொல்லிடு."

"எப்பலேர்ந்து?"

"இப்பலேர்ந்து."

திறந்த ஃபைல் கம்ப்யூட்டரிலேயே தங்குமா என்று தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். கூட வந்தவன் சொன்னது தப்பென்றால், அந்தப் பிள்ளை வீணாக லீவு போட்டுவிட்டான்.