நிற்கிற வண்டிக்கு மட்டும்

போனில் வழி பார்த்துக்கொண்டு போகும்போது நடுவில் விளம்பரம் வந்தால் எனக்கும் எரிச்சல்தான் வரும், மேடம். இடது பக்கமா வலது பக்கமா என்று தெரிய வேண்டிய நேரத்தில், திரும்ப வேண்டிய முக்கை மறைத்துக்கொண்டு யாரோ மெத்தை விற்பார்கள். அதை மூடும் பெருக்கல் குறி கடுகளவுதான் இருக்கும். விரல் கொஞ்சம் தவறினால் மெத்தைக் கடைக்கே வழி சொல்ல ஆரம்பித்துவிடும். அதனால் எங்கள் விளம்பரத்தைப் பார்த்துத் திட்டியவர்கள் மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு ரெக்கவரி வண்டி. நின்றுபோன கார், லாரி எல்லாவற்றையும் கட்டி இழுக்கிற வண்டி. நெடுஞ்சாலை ஓரத்தில் கொட்டகை, அதன் பின்னால் வீடு. என் வீட்டுக்காரர் ஓட்டுவார், நான் போன் எடுப்பேன். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். சாலையை அகலப்படுத்திய பிறகு டோல்கேட்காரர்களே சொந்தமாக ரெக்கவரி வண்டி வைத்துக்கொண்டார்கள். எங்களைக் கூப்பிட ஆள் இல்லாமல் போயிற்று.

அவருக்கு வேலையில்லாமல் இருக்கத் தெரியாது. வண்டிகளைக் கட்டி இழுக்கிற வின்ச் கம்பியை முழுவதும் வெளியே இழுத்து, கிரீஸ் தடவி, மறுபடி சுற்றி வைப்பார். மறுநாளும் அதையே செய்வார். "கம்பி தேயுதோ இல்லையோ, நீங்க தேஞ்சு போயிடுவீங்க" என்றேன் ஒரு நாள். முன்பெல்லாம் என் பேச்சுக்கு ஒரு எதிர்ப்பேச்சு தயாராக வைத்திருப்பார். அன்றைக்கு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஒரு மத்தியானம் கொட்டகைக் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாரே, அவரைக் கூப்பிட்டு இரண்டு பேருமாகக் கதவைப் பெயர்த்தோம். உள்ளே ஒரே புகை. இவர் ஸ்டீயரிங்கில் தலை வைத்துப் படுத்திருந்தார். வெளியே இழுத்துப் போட்டதும் இருமி இருமி, "பேட்டரி இறங்கிடுச்சு, சார்ஜ் ஏறட்டும்னு போட்டேன்" என்றார்.

"சரி, வாங்க, சாப்பாடு ஆறுது" என்றேன்.

சாயங்காலமே கதவைக் கீலோடு கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். மகள் கேட்டாள். காற்று வரட்டும் என்று சொன்னேன். அதற்குப் பிறகு எனக்கு ஒரே கவலைதான். யாராவது அவரைக் கூப்பிட வேண்டும். யார் என்றாலும் சரி.

போன் கடைக்காரர்தான் மேப்பில் விளம்பரம் கொடுக்கச் சொன்னார். "எல்லாருக்கும் போடாத தங்கச்சி. நகராம நிக்கிற வண்டிக்கு மட்டும் போற மாதிரி வைக்கலாம்" என்று அவரே வைத்துக் கொடுத்தார். வாசகம் என்னுடையது. 'வண்டி நின்றுவிட்டதா? கவலை வேண்டாம். பக்கத்தில்தான் இருக்கிறோம்.' கூடவே, வண்டி முன்னால் இவர் கை கட்டி நிற்கிற படம்.

வண்டி எதற்கெல்லாம் நிற்கும் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

"ஏம்மா, டோல்கேட் வரிசையில நிக்கிறேன். இழுக்கிறதுன்னா எனக்கு முன்னாடி நிக்கிற லாரிய வந்து இழு, புண்ணியமாப் போகும்" என்றார் ஒருவர். இன்னொருவர், "வண்டி நல்லாத்தான் இருக்கு. பக்கத்துல என் பொண்டாட்டிதான் காலையிலேர்ந்து ஸ்டார்ட் ஆக மாட்டேங்குறா. அதுக்கு வருவீங்களா?" என்றார். பின்னாலிருந்து அந்த அம்மா சிரிப்பதும் கேட்டது. இதெல்லாம் பரவாயில்லை. ஒரு பெண் மட்டும் மெதுவாகப் பேசினாள். "எங்கப்பாவ எடுத்துட்டுப் போற வண்டி பின்னாடி போயிட்டிருக்கோம். வண்டி நிக்கிறப்பல்லாம் உங்க படம் வந்து வழிய மறைக்குது. அப்பா வண்டி எந்தப் பக்கம் திரும்புச்சுன்னே தெரியல. இதுல கவலை வேண்டாம்னு வேற எழுதியிருக்கீங்க." நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அழுது முடிக்கும்வரை போனை வைக்கவும் இல்லை.

எல்லோரும் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். இவர் தின்பண்டம் கொறிக்கிற மாதிரி அதை ஒவ்வொன்றாக எடுத்துப் படிப்பார். 'இந்த மூஞ்சியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது' என்று ஒருவர் எழுதியிருந்தார். இவர் என் பக்கம் திரும்பி, "ஊருக்கே தொல்லையாயிட்டேன் பாரு" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் அன்றைக்குத் தூங்கியிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் கூப்பிட்டார். அணைக்குக் கீழே ஒரு பழைய சாலை இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். ஆற்றின் தரைப்பாலத்தைத் தாண்டி டவுனுக்குப் போகிற குறுக்கு வழி. மண் வந்து மூடியதால் அதைக் கைவிட்டுவிட்டார்கள். மேலே பார்த்தால் காய்ந்த தரை மாதிரி இருக்கும். சக்கரம் ஏறினால் உள்ளே முழுக்கக் களி. மேப் அவரை அந்த வழியாக அனுப்பிவிட்டது. அச்சு வரை புதைந்து நின்றபோது எங்கள் விளம்பரம் வந்திருக்கிறது.

இவர் போனார். இடுப்பளவு சேற்றோடு திரும்பி வந்தார். இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார். "கம்பிக்கு கிரீஸ் போட்டு வச்சது நல்லதாப் போச்சு, இல்ல?" என்று என்னிடமே கேட்டார். மருந்துக்காரர் ஐந்து நட்சத்திரம் போட்டு, 'தெய்வம் மாதிரி வந்த விளம்பரம்' என்று எழுதினார். இவர் அதை மகளைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அதே படம், அதே வாசகம். விளம்பரத்தில் குறையே இல்லை. அது தேவையில்லாதவர்கள் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் மருந்துக்காரர் நல்லவர். சாலை மூடியிருக்கிறது என்று மேப்பில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் அந்தப் பாதையில் சிவப்புக் கோடு விழுந்தது. யாரும் வரவில்லை. இவர் மறுபடி கம்பியை வெளியே இழுக்க ஆரம்பித்தார். நான் என் போனை எடுத்து, சாலை திறந்திருக்கிறது என்று அழுத்தினேன். ஒருத்தி சொன்னால் மேப் கேட்காது போலிருக்கிறது. போன் கடைக்காரரிடம் போய், கண்ணாடி உடைந்த போன்கள் கொஞ்சம் கேட்டேன்.

"இத வச்சு என்ன பண்ணப் போற தங்கச்சி?"

"விதைக்கப் போறேண்ணே. முளைச்சா உங்களுக்கும் ஒண்ணு."

அவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். அவருக்கு எதுவும் தெரியாது, அவரை விட்டுவிடுங்கள். எல்லாவற்றிலும் மேப்பைப் போட்டு, காய்கறிப் பையில் வைத்து, என் ஸ்கூட்டரில் அந்தப் பாதையில் போய் வந்தேன். ஓரத்தில் ஒற்றையடிப் பாதை கெட்டியாக இருக்கும், ஸ்கூட்டருக்குப் போதும். மேப்புக்கு என்ன தெரியும்? வரிசையாக வண்டிகள் போகின்றன என்று நினைத்துக்கொண்டது. சிவப்புக் கோடு போய்விட்டது. வாரா வாரம் போய் வந்தேன். போகாவிட்டால் யாராவது புகார் சொல்லி மறுபடி மூடிவிடுவார்கள்.

அந்த மாதங்களில் நீங்கள் எங்கள் வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். இவர் பாட்டுப் பாடிக்கொண்டு சேற்றுக் கால்சட்டையைத் துவைப்பார். மாட்டிக்கொண்டவர்களுக்குத் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் கொண்டுபோவார். எல்லோரும் அவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருவர்கூடத் திட்டவில்லை. விளம்பரத்தைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது என்று ஒரு கல்லூரிப் பெண் எழுதினாள். நான் யாரையும் ஏமாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில்தான் இருக்கிறோம் என்றோம், பக்கத்தில்தான் இருந்தோம்.

டிரம் பற்றிக் கேட்டீர்கள். கடைசி வாரத்தில்தான் பாதை தொடங்குகிற இடத்தில் சிவப்பு வெள்ளை அடித்து, கல் நிரப்பி, ஒரு தார் டிரம் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் 'வழி இல்லை' என்று எழுதியிருந்தது. இவருக்குத் தெரியாமல் அதைப் புதருக்குள் உருட்டிவிட்டதும் நான்தான். ஒரே ஆளாக உருட்டினேன். கற்களை முதலில் வெளியே எடுத்துவிட்டால் சுலபம்.

மகளின் பள்ளியில் விளையாட்டு விழா வந்தது. அவள் ஓட்டப்பந்தயத்தில் இருந்தாள். "அப்பா வந்தா நான் ஜெயிச்சிடுவேன்" என்று சொல்லியிருந்தாள். மூன்று பேரும் ரெக்கவரி வண்டியிலேயே போவதாக முடிவு செய்தோம். அன்று காலையில் நான் விளம்பரத்தை நிறுத்தி வைத்தேன். வண்டி இல்லாத நாளில் வருகிறோம் என்று சொல்லி ஜனங்களைக் காக்க வைப்பது தப்பு. நட்சத்திரமும் குறையும். நிறுத்திவிட்டு, வழக்கமான நாள் என்பதால் பையை எடுத்துக்கொண்டு பாதையில் ஒரு தடவை போய் வந்துவிட்டு, தலை வாரிக்கொண்டு கிளம்பினேன்.

மத்தியானம் மலையில் மழை என்று அணையில் ஷட்டர் திறந்தார்கள். சைரன் சத்தம் பள்ளி மைதானம் வரைக்கும் கேட்டது. இவர் என் பக்கம் குனிந்து, "தண்ணி விடுறாங்க. நல்லவேள, அந்தப் பக்கம் யாரும் போக மாட்டாங்க, டிரம் வச்சிருக்காங்க" என்றார். நான் ஆமாம் என்றேன். அப்போது என் போன் கையில்தான் இருந்தது. மகள் ஓடத் தயாராகக் கோட்டில் நின்றாள். மேப்பைத் திறந்து, பாதை மூடியிருக்கிறது என்று அழுத்த அரை நிமிஷம் போதும். ஆனால் அவர் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார், மேடம். ரொம்ப நாளாக அவர் அப்படிக் கை தட்டி நான் பார்க்கவில்லை. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாதையில் புதைந்த காரில் ஒரு அம்மாவும் மகனும் இருந்தார்கள் என்று சொன்னீர்கள். அம்மாவுக்குக் காலில் மாவுக்கட்டு, மகன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார். அந்த அம்மாவால் நடக்க முடியவில்லை, மகன் விட்டுவிட்டு வரவில்லை. தீயணைப்பு வண்டி டவுனிலிருந்து சுற்றி வருவதற்குள் தண்ணீர் காரை மூடிவிட்டது. அந்தக் காரை வெளியே இழுத்தது என் வீட்டுக்காரர்தான். ஸ்டேஷனிலிருந்து நீங்கள்தான் கூப்பிட்டீர்கள், பக்கத்தில் இருப்பவர் என்று. வீட்டுக்கு வந்து சேற்றோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அரை மணி முன்னாடி கூப்பிட்டிருந்தா ரெண்டு பேரையும் தூக்கியிருப்பேன். நம்ம விளம்பரம் ஏன் அவங்களுக்குப் போகல?" என்று கேட்டார்.

நான் வெந்நீர் வைக்கப் போனேன். அந்த மகனின் போனில் மேப்பின் மேல் கடைசியாக வந்து நின்றது மெத்தை விளம்பரம் என்று நீங்கள் சொன்ன பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நிற்கிற வண்டிக்கு மெத்தை எதற்கு?

பாதையைத் திறந்து வைத்தது நான்தான். டிரம்மை உருட்டியது நான்தான். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என் தப்பு எது என்று கேட்டால், அன்றைக்கு விளம்பரத்தை நிறுத்தினேனே, அது ஒன்றுதான். இவரிடம் மட்டும் எதுவும் சொல்லாதீர்கள். கொட்டகைக்குக் கதவு இல்லை, ஆனாலும் அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யாரும் இல்லை.

என் போனை ஒரு நிமிஷம் கொடுங்கள், மேடம். விளம்பரத்தை ஓட விட்டுவிட்டுத் தந்துவிடுகிறேன். தண்ணீர் இந்நேரம் வடிந்திருக்கும், யாராவது வந்து மாட்டியிருப்பார்கள்.