நான்கு விரல் இறக்கம்

எனக்கு ஏணி ஏறுவதில் ஒருநாளும் அலுப்பு வந்ததில்லை, ஐயா. முப்பத்தெட்டுப் படி. பத்தொன்பது வருடமாகக் காலையில் ஏறி, கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்த பிறகுதான் தேநீரையே குடிப்பேன். பட்டறையில் யாருக்கு வழுக்கை விழுகிறது என்பது அவரவர் மனைவிக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

கீழே நின்று எனக்குக் கை காட்டுகிறவன் என் தங்கையின் கணவன். வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். அவன் கை உயர்ந்தால் தூக்குவேன், தாழ்ந்தால் இறக்குவேன். நல்ல வேலைக்காரன், வாய்தான் ஓயாது. எனக்குப் 'பரண்' என்று பட்டப்பெயர் வைத்ததும் அவன்தான்.

போன மாதம் மேலாளர் கூண்டையே எடுத்துவிடப் போவதாகச் சொன்னார். இனி தரையில் நின்று ரிமோட்டிலேயே கிரேனை ஓட்டலாமாம். அதற்குப் பயிற்சி எடுக்க என் மாப்பிள்ளையை அனுப்பினார்கள். நான் இறங்கி வந்து சங்கிலி மாட்ட வேண்டுமாம். அன்று மாலை அவன் என் தோளில் கை போட்டுக்கொண்டு, "கவலைய விடுங்க மச்சான். இனிமே நான் ஓட்டுறேன், நீங்க கை காட்டுங்க. ஏணி ஏறுற தொல்லை விட்டுது," என்று சிரித்தான். கேலிதான், தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்குப் போயும் மனசு ஆறவில்லை.

தினமும் வேலை தொடங்குமுன் ஒரு சுமையைச் சாண் உயரம் தூக்கி நிறுத்திப் பார்க்க வேண்டும். அசையாமல் நின்றால் பிரேக் சரி. அந்தத் திங்கட்கிழமை, நிறுத்திய சுமை நான்கு விரல் இறங்கிற்று. சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டுக் கிரேனை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் பழுது பார்க்க ஆள் வருவான், வந்த கையோடு ரிமோட்டையும் பொருத்திவிட்டுப் போவான். அதனால் ஏட்டில் 'சரி' என்று எழுதினேன். ஒன்பது நாள் அப்படியே எழுதினேன். சுமை சறுக்கும்போதெல்லாம் யாருக்கும் தெரியாமல் லீவரை மேலே ஒரு தட்டுத் தட்டி நிறுத்திக்கொள்வேன். பழகப் பழகப் பயமும் விட்டுப்போயிற்று. மாப்பிள்ளையிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பத்தாம் நாள் இரும்புத் தகட்டுக் கட்டு ஒன்று, நாலு டன் இருக்கும். மார்பளவு உயரத்தில் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினான், நிறுத்தினேன். சுமையை இறக்கி வைக்க அடியில் போட்டிருந்த மரத்துண்டு ஒன்று கோணலாகக் கிடந்தது. நீளக் கம்பியால் தள்ளிவிட வேண்டியது. கம்பியைத் தேடிப் போகச் சோம்பல்பட்டு, குனிந்து உள்ளே போனான். சுமைக்கு அடியில் தலையைக் கொடுக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன். மேலே இருப்பது மச்சான்தானே என்று போயிருக்கிறான்.

சுமை சறுக்கத் தொடங்கிற்று. என் கை லீவரில்தான் இருந்தது. ஹாரன் பொத்தான் அதற்கு ஒரு சாண் தள்ளி. இரண்டையும் நான் தொடவில்லை. கொஞ்சம் மிரளட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். மனசுக்குள் எண்ணினேன். அன்றைக்கு அது நான்கு விரலோடு நிற்கவில்லை. மூன்று எண்ணியபோதே இது மிரட்டல் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படியும் ஐந்து வரை எண்ணினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அவர் உள்ளே போனத நீ பாக்கலையாண்ணா?" என்று கேட்டாள்.

"பாக்கலம்மா," என்றேன்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஐயா. பிரேக் கோளாறு என்றுதான் நீங்களும் எழுதி வைத்திருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். பார்த்துக்கொண்டே கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். தங்கையிடம் மட்டும் பிரேக் என்றே சொல்லிவிடுங்கள். பாவம், அவளுக்கு இனி என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?