மூன்று முறை சொன்னேன்

காலையில் கிளம்பும்போது வீட்டுச் சாவியைக்கூட மறந்திருக்கிறேன். ரெக்கார்டரில் பேட்டரி இருக்கிறதா என்று பார்க்க மறந்ததே இல்லை. தீப்பெட்டி அளவுதான். சட்டையின் உள்பக்கம் மாட்டினால் வெளியே தெரியாது. துப்பாக்கி வலது இடுப்பில் இருக்கும். ஓஹாயோ மாநிலத்தில் இரண்டுக்கும் சட்டம் இடம் கொடுக்கிறது. துப்பறியும் வேலையில் இருக்கும் உங்களுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை, ப்ரூயிட் மேடம்.

ரெக்கார்டர் யோசனை என்னுடையது அல்ல. துப்பாக்கி உரிமத்துக்கான வகுப்பில் ராண்டல் சொன்னது. முப்பது வருஷம் காவல் வேலை பார்த்த மனிதர்.

"சுடறது ரெண்டு செகண்ட் வேலை. அப்புறம் ரெண்டு வருஷம் பதில் சொல்லணும். நான் எச்சரிச்சேன்னு நீங்க சொன்னா எவனும் நம்பமாட்டான். இந்தப் பொட்டி சொன்னா நம்புவான். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. போலீஸ் வந்து நிக்கிற வரைக்கும் இத அணைக்கக் கூடாது. பாதியில அணைஞ்சா, பொய் சொல்றான்னுதான் நினைப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுதிக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். சொன்னதை எழுதிக்கொண்டுதான் இவ்வளவு தூரம் வந்தேன்.

வளர்ந்தது ட்ரெய்லரில், சக்கரம் வைத்த தகர வீட்டில். சக்கரம் இல்லாத ஒரு வீடு வேண்டும் என்பது என் ஏழு வயது ஆசை. இருபத்தெட்டில் வாங்கினேன். வாங்கிய பிறகுதான் என் வண்டிப் பாதையில் பாதியை, பக்கத்து வீட்டு வெர்லின் டாக்கெட்டும் பயன்படுத்தலாம் என்று தெரிந்தது. கோர்ட்டுக்குப் போனேன். வக்கீல் வைக்காமல் நானே பேசினேன். தோற்றேன்.

அன்றிலிருந்து அவருக்கு நான் வக்கீலம்மா. தினமும் வண்டியை என் ஜன்னலை ஒட்டி நிறுத்தி இறங்குவார்.

"என்ன வக்கீலம்மா, இன்னைக்கு என்ன கேஸு? ட்ரெய்லர்ல வளந்தவளுக்குச் செங்கல் வீட்டுல தூக்கம் வருதா?"

அவர் மனைவி நடீன் வாசலிலிருந்து, "சும்மா இரேன்யா, அந்தப் புள்ளயப் போயி" என்பாள். அவர் சிரிப்பார். கெட்ட மனிதர் இல்லை. அதை நான் எங்கேயும் மறைக்கவில்லை.

வீட்டில் பயிற்சி செய்தேன். "நில்லுங்க, கிட்ட வராதீங்க, எனக்குப் பயமா இருக்கு." முதல் நாள் பதிவைப் போட்டுக் கேட்டபோது, பஸ் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது. துளிப் பயம் இல்லை. மூன்று வாரத்தில் சரியாக வந்தது. பழைய பதிவுகளை அழித்துவிட்டேன், இடம் அடைக்கும்.

சனிக்கிழமை காலைகளில் வெர்லின் புல் வெட்டுவார். அந்தச் சத்தத்தில் காது கேட்கும் மெஷின் கீச்சிடும் என்று இரண்டு காதிலிருந்தும் கழற்றி, ஒரு பெப்பர்மின்ட் டப்பாவில் போட்டு வாசல் கைப்பிடிச் சுவரில் வைப்பார். அது இல்லாமல் இடி விழுந்தாலும் அவருக்குக் கேட்காது. தெருவுக்கே தெரியும்.

அந்தச் சனிக்கிழமை புல் வெட்டி முடித்து, பெரிய கத்தரியால் வேலிச் செடியை வெட்டிக்கொண்டிருந்தார். டப்பா சுவரில் இருந்தது. நான் வெளியே போய் நின்றேன். அவர் என் பக்கம் நடந்து வந்தார், கையில் கத்தரியோடு. மற்றதை நீங்களே கேட்டிருக்கிறீர்கள். மூன்று முறை சொல்கிறேன். மூன்றாவதில் குரல் உடைகிறது. அவர் பக்கமிருந்து நெருங்கி வரும் காலடி மட்டும். பிறகு இரண்டு வெடி.

நீங்கள் விசாரிப்பது அதற்குப் பிறகு பதிவில் உள்ளதை. நடீன் ஓடி வருகிறாள். "அவருக்குக் காது கேக்காதுடி. உனக்குத் தெரியாதா?" அடுத்தது என் குரல். "தெரியும்."

ஆமாம், அது நான்தான். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையில் பயம் இல்லை என்கிறீர்கள். அதற்கு நான் பயிற்சி செய்யவில்லை.

அவர் ஏன் என்னிடம் வந்தார் என்று இன்னும் நீங்கள் கேட்கவில்லை. இரண்டு வருஷமாக நான் அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை. அன்று சிரித்தேன். வாய் நில்லுங்க என்றது; இடது கை வாங்க என்று கூப்பிட்டது. அவர் முகம் அப்படி மலர்ந்தது. மூன்று முறை சொன்னேன், மூன்று முறை கூப்பிட்டேன். கை அசைவது ரெக்கார்டருக்குக் கேட்காது.

இதையெல்லாம் நானாகத்தான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பொட்டியைக் கடைசிவரை அணைக்காமல் உங்கள் ஆட்களிடம் கொடுத்ததும் நான்தான். தப்பு செய்தவள் அப்படிக் கொடுப்பாளா, மேடம்?